கட்டுத்தரைக்கும் லாயத்துக்கும் காலணி

விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்குக் கட்டுத்தரைக்குள் போகிறவர் முதலில் மிதிப்பது ராத்திரி தேங்கிய மூத்திரத்தைத்தான். விளக்கு போடுவதெல்லாம் அதற்கு அப்புறம். வாழப்பாடிப் பக்கம் நான் பார்த்த வீடுகளில் அந்த முதல் மிதி பெரும்பாலும் வெறுங்காலால் நடக்கிறது. இல்லையென்றால், வீட்டில் எல்லோரும் மாற்றி மாற்றிப் போடுகிற, ஒரு வார் அறுந்து ஊக்கு குத்திய ரப்பர் செருப்பால்.

எங்கள் வீட்டில் நாலு மாடு, ஒரு குதிரை. குதிரைக்கென்று தனி லாயம் கிடையாது. மாட்டுக் கொட்டகையின் மேற்குக் கோடியில் குறுக்கே மூங்கில் அடித்துத் தடுத்திருக்கிறோம். குதிரை அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் பிடித்தது. திப்பு சுல்தான் காலத்திலிருந்து நடக்கிறது என்று சொல்கிற சந்தை அது. மார்வார், கத்தியவார், வெள்ளை நொக்ரா எல்லாம் அங்கே வந்து நிற்கும். பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருவது கஷ்டம். வாங்கி வந்தபின் குதிரை வளர்ப்பு பற்றிக் கிடைத்த வெளிநாட்டுப் புத்தகங்களைப் புரட்டினேன். காலணி பற்றிய பகுதி எதை எடுத்தாலும் பனியில்தான் தொடங்கும். உள்ளே கம்பளி வைத்த பூட்ஸ், உறையும் சேற்றுக்கு இன்னொரு பூட்ஸ். மே மாதம் 40 டிகிரியைத் தொடுகிற சேலத்து வெயிலில் அந்தக் கம்பளிக்குள் காலை விட்டால் என்ன ஆகும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. நாமே அனுபவித்துக் கற்றுக்கொள்ள வேண்டியதாக இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வீட்டு விவகாரம். என் அம்மாவைக் கம்பூட் போட வைக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. "மகாலட்சுமி நிக்கிற எடத்துல செருப்புப் போட்டுக்கிட்டா போவாங்க, கண்ணு?" என்பார். எலிக்காய்ச்சல், ஆணி என்று என்ன சொன்னாலும் எடுபடவில்லை. கடைசியில் ஒரு ஜோடி வாங்கி, கட்டுத்தரைக்குள்ளேயே ஆணியடித்து மாட்டினேன். "இது வாசலைத் தாண்டாதும்மா. தெரு மண்ணு இதுல படாது. மம்பட்டி, கூடை மாதிரி இதுவும் கட்டுத்தரைச் சாமான்" என்றேன். அதற்குப் பிறகு மறுப்பில்லை. உங்கள் வீட்டிலும் இதே தகராறு இருந்தால் இந்த வழியைப் பாருங்கள். நோய்த் தடுப்புக்கும் இதுதான் சரியான முறை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

குளம்பைவிட ஈரம் மோசம்

காலணி என்றதும் எல்லோரும் மிதிபடுவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மாடோ குதிரையோ மிதிப்பது எப்போதோ ஒரு நாள். ஈரமோ தினம் இரண்டு வேளை. என் கணக்கில் காலணியின் முதல் வேலை காலை உலர்வாக வைப்பது. குளம்பைத் தடுப்பது அதற்கு அடுத்ததுதான்.

காரணம் இருக்கிறது. எலி மூத்திரமும் நோய்ப்பட்ட மாட்டின் மூத்திரமும் கலந்த தண்ணீரில்தான் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். அது நுழைய ஒரு வெடிப்பு போதும். குதிகால் பித்தவெடிப்பு இல்லாத பண்ணைக்காரர் யார்? விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தால் அதுவும் ஒரு வாசல். இரணஜன்னிக் கிருமியின் விதை மண்ணிலும் சாணத்திலும் கிடக்கிறது. குதிரையின் குடலில் சாதாரணமாகவே காணப்படுவதால் குதிரை லத்தியில் இருக்க வாய்ப்பு அதிகம். குதிரை வளர்க்கிற வீட்டில் எல்லோரும் தடுப்பூசியை நாள் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். என்ன பூட்ஸ் போட்டாலும் இது வேண்டும்.

காலணியையும் இந்த ஈரம்தான் தின்கிறது. மூத்திரம் தேங்கினால் அம்மோனியா நெடி அடிக்கிறது இல்லையா, அது தையல் நூலையும் தோலையும் ஒட்டுப் பசையையும் மெல்ல அரிக்கும். சாலையில் இரண்டு வருஷம் வருகிற ஷூ கட்டுத்தரையில் நாலு மாதத்தில் வாய் பிளப்பது இதனால்தான். ஆகவே கடைக்காரர் "ரொம்ப உழைக்கும் சார்" என்றால், எந்தத் தரையில் என்று கேளுங்கள்.

கம்பூட் வாங்கும்போது

தினசரி சாணம் வழிக்க, கழுவ, பால் கறக்க, முழுக்க வார்ப்பில் செய்த கம்பூட்தான். தையல் இல்லை, ஒட்டு இல்லை, வாளித் தண்ணீரை ஊற்றினால் சுத்தம். இதில் இரண்டு சாதி. ஒன்று பி.வி.சி., மற்றது ரப்பர். பி.வி.சி. மலிவு. நானூறு ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஆனால் வெயிலில் கிடந்தால் விறைத்து, கணுக்கால் மடிப்பில் வெடித்துவிடும். ரப்பர் விலை கூட. வளையும் தன்மை அதிகம், ஈரச் சிமென்ட்டில் பிடிப்பும் அதிகம். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். பி.வி.சி. பூட்ஸுக்கு ஐ.எஸ். 12254, ரப்பருக்கு ஐ.எஸ். 5557 என்ற எண் பூட்ஸிலோ பெட்டியிலோ இருக்கும்.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் தவறை நானே செய்தேன். உயரமாக இருந்தால் நல்லது என்று முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற பூட்ஸ் வாங்கினேன். நின்று கழுவும்போது ராஜா மாதிரி இருந்தது. கறக்கக் குந்தினேன், பூட்ஸின் விளிம்பு முழங்கால் மடிப்பில் வந்து குத்தியது. பத்து நிமிஷத்தில் கால் மரத்துப் போனது. எழுந்திருக்கும்போது செம்போடு சாய்ந்தேன். மாடு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

கடையில் நின்று பார்த்தால் மட்டும் போதாது. குந்திப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். கையால் கறக்கிறவருக்குக் கெண்டைக்கால் பாதிவரை வருகிற அரை பூட்ஸ் போதும். முக்காலி போட்டு உட்கார்கிறவரும் இயந்திரத்தில் கறக்கிறவரும் முழு உயரம் வாங்கலாம். வைக்கோல் போர், மரவள்ளிக்காடு, பாக்குத்தோப்பு வரப்பு என்று சுற்றுகிறவருக்கு முழு உயரமே நல்லது. எலியைத் தேடிக் கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் வருகிற இடங்கள் அவை. பாம்புக்கடியில் பெரும்பாலானவை முழங்காலுக்குக் கீழேதான் விழுகின்றன.

அளவு விஷயத்தில்தான் எனக்குக் கோபம். கட்டுத்தரை வேலையில் பாதிக்கு மேல் செய்வது பெண்கள். கடைக்குப் போனால் கம்பூட் 6-ஆம் எண்ணிலிருந்துதான் அடுக்கியிருக்கிறது. "லேடீஸ் சைஸ் வராதுங்க, ரெண்டு சாக்ஸ் போட்டுக்கச் சொல்லுங்க" என்பார்கள். பெரிய பூட்ஸுக்குள் கால் முன்னும் பின்னும் ஓடும், குதிகால் தோல் உரியும், ஈரத் தரையில் வழுக்கும். அதுவும் ஆபத்துதான். 4, 5 எண்களைச் சொல்லி வைத்து வரவழையுங்கள். ஒரு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை. அம்மாவுக்கு அப்படித்தான் 5-ஆம் எண் வாங்கினேன். இல்லாவிட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்கான மழை பூட்ஸில் பெரிய அளவைப் பாருங்கள். அடிசோல் மெலிந்திருக்கும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

அகலமும் ஒரு பிரச்னை. நாம் சொல்கிற 7, 8, 9 எல்லாம் வெள்ளைக்காரன் கால் அளவு. சின்ன வயதில் வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். சென்னை அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதத்தை இயந்திரத்தில் அளந்தது. நம்மவர் பாதம் ஐரோப்பியர் பாதத்தைவிட அகலம் என்பது அதில் தெரிந்தது. நமக்கென்று 'பா' என்ற அளவு முறையை அதை வைத்துத்தான் வகுத்தார்கள். அந்த எண் போட்ட பூட்ஸ் கடைக்கு வரும்வரை, சுண்டுவிரல் பக்கம் அழுத்தினால் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். நாள்பட நெகிழும் என்பார்கள். தோல் நெகிழும். பி.வி.சி. நெகிழாது. சாயங்காலம் போய் வாங்குங்கள். காலையிலிருந்து நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் உங்கள் வேலை நேரத்து அளவு. காலை முன்னால் தள்ளி நின்றால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும்.

இரும்புத் தொப்பி வேண்டுமா?

குதிரைக்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு: விரல் முனையில் இரும்பு வைத்த பூட்ஸ் போட்டால், குதிரை மிதிக்கும்போது இரும்பு மடங்கி விரலையே துண்டாக்கிவிடும். இதைக் கேட்டே பலர் சாதா செருப்போடு லாயத்துக்குள் நிற்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 கிலோ குதிரை என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் நிற்கிறது. அதாவது சும்மா நிற்கும்போது ஒரு முன்னங்காலில் 120 கிலோ. நகரும்போதும் துள்ளும்போதும் ஒரு கணம் இதைவிட நல்ல கூடுதலாக விழும். ஐ.எஸ். 15298 இரண்டாம் பாகத்தின்படி செய்த சேஃப்டி ஷூவின் முனைத்தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுகிற அடி அது. அமுக்கம் 15 கிலோநியூட்டன், ஏறக்குறைய ஒன்றரை டன். இந்த வரம்புக்குள் குதிரை மிதிப்பது அடங்கிவிடும். மடங்குவது முத்திரை இல்லாத தகரத் தொப்பிதான். சந்தையில் அதுவும் இரும்பு என்றே விற்கிறது.

ஆனால் தொப்பி விரல்களை மட்டும்தான் மூடுகிறது. புறங்காலில் மிதித்தால் அது உதவாது. மிதிபட்டால் காலை இழுக்காதீர்கள், இழுத்தால் குதிரை இன்னும் அழுத்தும், தோலும் கிழியும். தோளில் கையை வைத்துத் தள்ளுங்கள். எடை அந்தப் பக்கம் மாறினதும் கால் தானாக விடுபடும். லாடம் கட்டிய குதிரையிடம் இரும்புத் தொப்பி கட்டாயம் என்பேன். மாட்டுக்கு மட்டும் என்றால், கனமான ஜெர்சி, எச்.எஃப். மாடுகளை அடிக்கடி பிடித்துக் கட்டி ஊசி போடுகிறவருக்கு வேண்டும், மற்றவர்களுக்கு அவரவர் விருப்பம்.

தொப்பியைவிட நான் மதிப்பது அடிசோலுக்கு உள்ளே வைக்கிற தகட்டை. லாடம் மாற்றும் நாளில் பழைய ஆணிகள் தெறித்து விழும். எவ்வளவு பொறுக்கினாலும் ஒன்று வைக்கோலுக்குள் ஒளிந்திருக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுப்பது எங்கள் வழக்கம். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். ஆணி குத்தாத தகடு வைத்த பூட்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் சர்க்கரைநோய்க்காரர் வேலை செய்தால் இது கண்டிப்பாக வேண்டும். மரத்துப் போன பாதத்தில் ஆணி ஏறியது ராத்திரி கால் கழுவும்போதுதான் தெரியும். அவருக்கு உள்ளே எம்.சி.ஆர். ரப்பர் அட்டையும் போட்டுக் கொடுங்கள். வேலூர்ப் பக்கம் கரிகிரி மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் உணர்விழந்த பாதத்துக்குச் செருப்பு செய்த அதே ரப்பர்தான். சர்க்கரைநோய்ச் செருப்பு விற்கும் கடைகளில் கிடைக்கும்.

ரஸ்க் மாதிரி உதிர்ந்த ஷூ

ஒரு வருஷம் ஆடி மாதம் அந்தியூர் போகவென்று நல்ல சேஃப்டி ஷூ ஒரு ஜோடி வாங்கினேன். இரண்டு முறை போட்டேன். அப்புறம் விசேஷத்துக்கு ஆகட்டும் என்று பெட்டியோடு அட்டாலியில் ஏற்றிவிட்டேன். மூன்று வருஷம் கழித்து எடுத்துப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனால், குதிரை ஓட்டிக் காட்டுகிற இடத்தில் பாதி தூரம் நடப்பதற்குள் குதிகால் லேசாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் வந்த வழியெல்லாம் கறுப்பாகத் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அடிசோல் ரஸ்க் மாதிரி உதிர்ந்திருக்கிறது. மிச்ச நாள் முழுக்க ஓரக்கடையில் வாங்கிய டயர் செருப்பில் சுற்றினேன். அந்தச் செருப்பு இன்னும் இருக்கிறது.

ஊருக்கு வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கிற பெரியவரிடம் காட்டினேன். கையில் வாங்கி, விரல் நகத்தால் சோலின் ஓரத்தைக் கீறினார். தூளாக வந்தது.

"பி.யூ. சோலுங்க தம்பி. போட்டு நடந்துக்கிட்டே இருந்தா ஓடும். வெச்சிருந்தா செத்துப்போயிரும்."

"புதுசுங்கய்யா. ரெண்டு தடவைதான் போட்டேன்."

"அதனாலதான்."

அவர் சொன்னது சரிதான். பாலியூரித்தேன் என்கிற பொருள் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து நாள்பட உள்ளுக்குள்ளேயே முறிந்துபோகும். எடை குறைவு, மெத்தென்று இருக்கும் என்பதால் அதிகம் விற்கிறது. வாங்கினால் உடனே போடுங்கள். பெட்டியில் தயாரித்த மாதம், வருஷம் பாருங்கள். தள்ளுபடியில் வருவது பல நேரம் கிடங்கில் கிழடான சரக்கு. கட்டுத்தரைக்கு நைட்ரைல் ரப்பர் சோலே நல்லது. மூத்திரம், எண்ணெய், சூடு எதையும் தாங்கும். கொஞ்சம் கனம்தான்.

பெரியவர் இன்னொன்றும் காட்டினார். பூட்ஸைக் கவிழ்த்து, சோலும் மேல்தோலும் சேருகிற கோட்டில் கட்டைவிரலை வைத்து நெம்பினார். வெறும் ஒட்டு வேலை என்றால் இமை மாதிரி லேசாகத் திறக்கும். சுற்றிலும் நூல் ஓடியிருந்தால் அசையாது. மறுபடி சோல் மாற்றவும் முடியும். தோல் பூட்ஸ் வாங்குவதாக இருந்தால் இதைச் செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள். தோல் உலர்ந்த வேலைக்கு மட்டும்தான் ஆகும்: குதிரையைத் தேய்ப்பது, நடத்துவது, தீவன மூட்டை இறக்குவது. சாணம் வழிக்கப் போட்டால் வீண். ரெக்ஸின் மேல் வைத்ததைத் தொடவே வேண்டாம், இரண்டு மழையில் தோலுரியும். ஆக இரண்டு ஜோடி. ஈர வேலைக்கு ஒன்று, உலர்ந்த வேலைக்கு ஒன்று. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் கம்பூட்.

சோலின் அடிப்பக்கம் ஆழமான பல் இருந்தால் பிடிப்பு அதிகம் என்று நினைப்போம். சேற்று வயலுக்கு அது சரி. கட்டுத்தரையில் பல்லுக்கு நடுவே சாணம் அப்பி, சோல் மொழுமொழுவென்று ஆகிவிடும், சிமென்ட்டில் வழுக்கிக்கொண்டு போகும். அகலமான, ஆழம் குறைந்த, ஓரம்வரை திறந்திருக்கும் வரிதான் வேண்டும். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் சாணம் போய்விட வேண்டும்.

குதிரை ஏறுகிறவருக்கு: கம்பூட்டோடு சேணத்தில் ஏறாதீர்கள். பல் வைத்த சோலும் அகன்ற முனையும் அங்கவடியில் மாட்டிக்கொண்டால், விழும்போது குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். ஏறுவதற்கு வழுவழுப்பான சோல், ஓர் அங்குலக் குதிகால், ஒடுங்கிய முனை வேண்டும்.

தினசரிப் பராமரிப்பு

போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். எங்கள் வீட்டில் பூட்ஸுக்குள்ளிருந்து இதுவரை வந்தவை: தேரை பலமுறை, தேள் இரண்டு, ஒருமுறை அம்மாவின் சுருக்குப்பை. அதைத் தேடி வீட்டையே புரட்டியிருந்தோம்.

வெறுங்காலோடு கம்பூட் போடக் கூடாது. உள்ளே வியர்த்துச் சேற்றுப்புண் வரும். பருத்தி சாக்ஸ் போட்டு, வேலை முடிந்ததும் கழற்றித் துவைத்துவிடுங்கள். சாயங்காலத்துக்கு வேறு ஜோடி. கழற்றினதும் உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தால் ஈரத்தை உறிஞ்சும். பிறகு இரண்டு குச்சிகளில் தலைகீழாக நிழலில் மாட்டுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம்.

அம்மாவிடம் சொன்ன "வாசலைத் தாண்டாத" விதிக்கு வருகிறேன். நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குள் போயிருந்தால் தெரியும், வாசலிலேயே மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கும், மிதித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். நாமோ சந்தைக்கும் பக்கத்துப் பண்ணைக்கும் போட்டுப்போன செருப்போடு நேரே மாட்டிடம் போகிறோம். கோமாரிக் கிருமி சாணம் ஒட்டிய காலணியில் ஊர்விட்டு ஊர் போகும். சந்தைக்கு வேறு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். வந்ததும் சாணத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, பத்து லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் சலவை சோடா கரைத்து அதில் அடிசோலை நனையுங்கள். கழுவாமல் நனைத்தால் மருந்து சாணத்தோடு நின்றுவிடும், கிருமிக்குப் போகாது. தோல் பூட்ஸை இந்தத் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள்.

மாதம் ஒருமுறை கம்பூட்டில் கணுக்கால் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, உலர்ந்த சிமென்ட்டில் கொஞ்ச நேரம் நிற்க வையுங்கள். கீழே ஈரம் படர்ந்தால் எங்கே என்று பார்த்துச் சாக்பீஸால் குறியிடுங்கள். ஊசித்துளையை பஞ்சர் ஒட்டுகிறவர் ரப்பர் பூட்ஸில் அடைத்துத் தருவார். பி.வி.சி.யில் அந்தப் பசை பிடிக்காது. கணுக்கால் மடிப்பில் கீறல் விழுந்தால் எதுவாக இருந்தாலும் முடிந்தது. அப்போது பாதத்தோடு வெட்டி எடுத்தால் மழைநாளில் கொல்லைக்குப் போய்வரச் செருப்பாகும். மேல் குழாயை எங்கள் வீட்டில் வளையம் வளையமாக நறுக்கி, குதிரைத் தடுப்பின் மூங்கில் கம்பத்துக்கும் சங்கிலிக்கும் நடுவே கோத்திருக்கிறோம். ராத்திரி குதிரை தலையை ஆட்டும்போது சங்கிலி இப்போது சத்தம் போடுவதில்லை.